சைவ மீனும் மாவுக் கோழியும்

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் வானளாவிய கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள். விமான நிலையத்துக்குள்ளேயே கொட்டுகிற அருவியைப் பற்றிச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது ஒரு மீனைப் பற்றி.

வாழை இலை அகலத்துக்கு ஒரு தட்டு. அதில் இஞ்சி மணக்க, சிவந்த சாற்றில் மிதந்துகொண்டு வந்தது ஒரு மீன் துண்டு. மேலே கறுத்த தோல். உள்ளே ஏடு ஏடாகப் பிரியும் வெள்ளைச் சதை. பழக்க தோஷம், என் விரல்கள் தாமாகவே முள்ளைத் தேடின. முள் அகப்படவில்லை. அகப்பட நியாயமுமில்லை. அந்த மீன் ஒரு நாளும் தண்ணீரில் நீந்தியதில்லை. சதை என்று நான் நினைத்தது சோயாப் பாலின் ஆடை. தோல் என்று நினைத்தது கடற்பாசி. கடலைக் கண்ணால் கண்டது அந்தத் தோல் ஒன்றுதான்!

இது நடந்த இடம் பென்கூலன் தெரு ஓரமாக நிற்கும் 'பார்ச்சூன் சென்டர்' என்ற பழைய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் வணிக வளாகம் மாதிரி சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே போனால் சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சைவ மீன், சைவக் கோழி, சைவ இறால், சைவ வாத்து. இந்தப் பெயர்களைத் தமிழில் சொல்லும்போதே சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சீன மூதாட்டிகள் யாரும் சிரிக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குச்சிகளால் அந்தச் சைவ வாத்தைப் பயபக்தியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம், பின்பக்கத்துத் தெருவில் இருக்கிறது. வாட்டர்லூ தெரு. அங்கே 1884-ல் தோன்றிய குவான் யின் அம்மன் கோயிலும், அதற்கும் முன்பே 1870-ல் தோன்றிய நம் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போல நிற்கின்றன. குவான் யின் கருணைத் தெய்வம். அவளைக் கும்பிட வருகிற சீனர்கள், கையில் மிச்சமிருக்கும் ஊதுவத்தியோடு நம் கிருஷ்ணன் வாசலிலும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். 'இந்தத் தெய்வம் வேறு, அந்தத் தெய்வம் வேறு' என்ற வழக்கு அந்தத் தெருவில் எடுபடாது போலிருக்கிறது.

சீனர்களில் பலர் மாதத்தில் இரண்டு நாள் மாமிசம் தொடுவதில்லை. எந்த இரண்டு நாள் தெரியுமா? அவர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும். அதாவது நம் அமாவாசையும் பௌர்ணமியும்! ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது அரசத் தெய்வங்களுக்குத் திருவிழா; ஒன்பது நாளும் சைவம். பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரி நாட்களிலேயே வருகிறது. புரட்டாசியில் கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம். நாம் புரட்டாசியில் சாம்பாரும் கூட்டும் வைத்து மாதத்தை ஓட்டிவிடுவோம். அவர்களோ அன்றைக்கும் வாத்தை விடுவதில்லை. வாத்தைச் சோயாவில் செய்துகொள்கிறார்கள்.

இந்த வித்தை நேற்றையது அல்ல. 6ஆம் நூற்றாண்டில் சீனத்தை ஆண்ட லியாங் வம்சத்துச் சக்கரவர்த்தி வூ, புத்த பிக்ஷுக்கள் மாமிசம் உண்ணக் கூடாது என்று ஆக்ஞை போட்டார். முன்னோர் வழிபாட்டில் பிராணிகளைப் பலியிடுவதை நிறுத்தி, மாவினால் செய்து படைத்தால் போதும் என்றார். அன்றைக்குத் தொடங்கிய மடைப்பள்ளிச் சாமர்த்தியம் இன்று பார்ச்சூன் சென்டரில் என் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்காமல் விடுவேனா? சகோதரிகளே, நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கசக்கிக் கழுவ வேண்டும். வெள்ளைப் பால் முழுவதும் போனபின் கையில் ரப்பர் போல ஒன்று மிஞ்சும். கோதுமையின் புரதம் அதுதான். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் பிழிந்துகொண்டு சக்கையை எறிகிறோமே, தவிட்டோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போவதும் இதே சரக்குதான். நாம் பாலை எடுத்து அல்வா கிண்டினோம். சீனர்கள் சக்கையை எடுத்து ஆட்டுக்கறி ஆக்கினார்கள்!

சைவ இறால் இன்னும் வேடிக்கை. 'கொஞ்சாக்' என்ற கிழங்கின் மாவில் செய்வது. அந்தக் கிழங்கு வேறு யாருமில்லை, நம் சேனைக்கிழங்கின் பங்காளி. கடித்தால் இறாலைப் போலவே நறுக்கென்கிறது. ஆனால் அதில் புரதம் கிடையாது, வெறும் நார்ச்சத்து. உருவத்தைப் பார்த்து ஏமாந்தால் வயிறுதான் நிறையும். இன்னொரு எச்சரிக்கை: இம்மாதிரிப் பண்டங்கள் சிலவற்றில் பிடிப்புக்காக முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்ப்பதுண்டு. முட்டை ஆகாதவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம். பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது என்பது நம்மில் சிலருக்கு உபரி லாபம்.

இதையெல்லாம் வேடிக்கை பார்க்க மட்டும் நான் சிங்கப்பூர் போகவில்லை. நான் தங்கியிருந்தது தோ பாயோவில், ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில், என் பெரியம்மா மகளிடம். அந்த வீட்டில் ஆறு மாதமாக ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு. இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அக்காவின் கைப்பக்குவம் எங்கள் பெரியம்மாவிடமிருந்து வந்தது. கடல் தாண்டி வந்தும் அதில் ஒரு துளி குறையவில்லை. அப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரே மகள், பதினான்கு வயது. அவள் திடீரென்று ஒரு நாள், "இனிமேல் எனக்குக் கறி, மீன் எதுவும் வேண்டாம். முட்டையும் பாலும் போதும்" என்று சொல்லிவிட்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

முதலில் அக்கா சிரித்தாளாம். பிறகு திட்டினாளாம். மூன்று மாதம் கழித்து டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, இரும்புச் சத்து குறைந்திருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, அக்கா பயந்து போனாள். "ஈரல் வாங்கிச் சமைத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தேறிவிடும். வாயில் வைக்க மாட்டேன் என்கிறதே இந்தப் பெண்! நான் என்ன விஷமா வைக்கிறேன்?" என்று என்னிடம் கேட்டபோது அவள் குரல் கம்மிவிட்டது. வாசகிகளே, ஈரல் மட்டும்தான் அவள் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். ஒரு தாய்க்குத் தன் சமையலைக் குழந்தை தள்ளி வைத்தால், தன்னையே தள்ளி வைத்த மாதிரி.

பார்ச்சூன் சென்டரில் சைவ மீனைத் தின்ற எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தீர்வு கையில் இருக்கும்போது சண்டை எதற்கு? உறைய வைத்த சைவ ஆட்டுக்கறி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வெற்றி வீராங்கனையைப் போல வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரே மசாலா, இரண்டு சட்டி. ஒன்றில் நிஜ ஆடு, இன்னொன்றில் கோதுமை ஆடு. அத்தானிடம் எது எது என்று சொல்லாமல் இரண்டையும் வைத்தோம். கோதுமை ஆட்டில் இரண்டு துண்டைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார். மூன்றாவது துண்டில் தலையைத் தூக்கி, "எலும்பு எங்கே?" என்றார். பிறகு ஒரு நிபுணரைப் போலக் குழம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கறி பரவாயில்லை. குழம்புதான் குழம்பாக இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

நன்றாகத்தான் சொன்னார். ஆடு வேகும்போது தன் கொழுப்பையும் எலும்பின் சாற்றையும் குழம்புக்குக் கொடுக்கிறது. கோதுமையோ குழம்பைத் தான் உறிஞ்சிக்கொள்கிறதே தவிர, பதிலுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. போலிக்கும் அசலுக்கும் உள்ள தூரம் துண்டில் கொஞ்சம், சாற்றில் நிறைய.

ஆனால் நான் யாருக்காக வாங்கி வந்தேனோ அவள் தட்டைத் தொடவே இல்லை. "சித்தி, இது ஏன் ஆடு மாதிரி இருக்கணும்? ஆடு வேண்டாம் என்றுதானே சொன்னேன்?" என்றாள்.

எனக்கு நம் யசோதர காவியம் ஞாபகத்துக்கு வந்தது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று, சமண நூல். யசோதரன் என்ற அரசன் கெட்ட கனவு கண்டான். பரிகாரமாக உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய். கொல்ல மனமில்லாத மகன், தாய் சொல்லையும் தட்ட முடியாமல், மாவினால் ஒரு கோழி செய்து அதைப் பலியிடுகிறான். மாவுக் கோழிதானே என்று சமணப் புலவர் விட்டாரா? கொல்லும் எண்ணத்தோடு வெட்டினாயே என்று, தாயையும் மகனையும் மயிலாகவும் நாயாகவும் இன்னும் என்னென்னவோ விலங்காகவும் பிறவி பிறவியாக அலைய வைத்துவிடுகிறார். சீனச் சக்கரவர்த்தி புண்ணியம் என்று அனுமதித்த மாவுப் பிராணியை, நம் ஊர்ச் சமணர் பாவக் கணக்கில் எழுதிவிட்டார்!

இந்தக் கதையை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லித் தொலைத்தேன். "அதைத்தான் நானும் சொல்றேன்!" என்று பெண் கைதட்டினாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நானே அடுத்த பிறவிக்கு மயிலாகப் போய்விடுவேன் போலிருந்தது.

அமெரிக்காக்காரர்கள் இந்த விஷயத்தில் வேறு வழியில் போயிருக்கிறார்கள். பக்தியும் விரதமும் அவர்கள் கணக்கில் இல்லை. மாமிசப் பிரியர்களையே மயக்க வேண்டும் என்பது அவர்கள் உத்தேசம். கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தைச் சிவக்க வைக்கும் பொருளுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று அவரை, கடலை, சோயா இனத்து வேர் முடிச்சுகளில் இருக்கிறது. சோயாவின் அந்தப் பொருளை ஈஸ்டில் வளர்த்து எடுத்து, கோதுமைப் புரதத்தோடு சேர்த்து, 'இம்பாஸிபிள்' என்ற நிறுவனம் 2016-ல் ஒரு பர்கர் செய்தது. சுடும்போது சிவந்து கசிகிறது. மாமிச வாசனை வருகிறது. 2019-ல் அது சிங்கப்பூருக்கு வந்தது. நானும் சாப்பிட்டேன். ருசிக்குக் குறைவில்லை, உப்புக்கும் குறைவில்லை. விலைதான், கோழியை வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை உண்டியலில் போடலாம் போலிருக்கிறது.

இந்த விலைதான் அவர்களைப் பிடித்து இழுக்கிறது என்று நினைக்கிறேன். பட்டாணிப் புரதத்தில் கறி செய்யும் 'பியாண்ட் மீட்' நிறுவனத்தின் பங்கு, 2019-ல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்து, அந்த ஆண்டிலேயே 200 டாலரைத் தாண்டியது. 2025-ல் ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. ஜனங்கள் ஒரு தடவை ஆசைக்கு வாங்கினார்கள். இரண்டாம் தடவை விலையைப் பார்த்தார்கள். இத்தனைக்கும் காரணம் வலுவானதுதான். மனிதரால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பினால் வருகிறது என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2013-லேயே கணக்குச் சொல்லியிருக்கிறது. கணக்கு மூளைக்குப் போகிறது. நாக்குக்குப் போய்ச் சேருவதற்கு நாளாகிறது.

சிங்கப்பூருக்கு வேறு கவலையும் உண்டு. சாப்பாட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் வெளியிலிருந்து வர வேண்டிய ஊர். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூருக்கு வரும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். "கோழிச் சோற்றுக் கடைகளில் அதற்கு முந்தின நாட்களில் நின்ற வரிசையைப் பார்த்திருக்கணும்! ஊரை விட்டே கோழி போகப் போகிற மாதிரி!" என்று அத்தான் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார். முழுத் தடையும் நீங்க அக்டோபர் ஆயிற்று. கோழியைக் கொல்லாமல், அதன் உயிரணுவைத் தொட்டியில் வளர்த்துச் செய்த கறியை விற்க உலகிலேயே முதலில், 2020 டிசம்பரில், அனுமதி கொடுத்த நாடும் இதுதான். 2024-ல் அது கடைக்கு வந்தபோது அதில் கோழி உயிரணு நூற்றுக்கு 3 பங்கு. மீதியில் பெரும்பகுதி தாவரப் புரதமே! கடைசியில் அங்கேயும் பயறுதான் பாரம் சுமக்கிறது.

அக்கா வீட்டு யுத்தத்துக்கு வருகிறேன்.

சமாதானத் தூதராக வந்தவர் அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி. அமாவாசை அன்று ஒரு கிண்ணத்தில் ஏதோ வறுவல் கொண்டுவந்து கொடுத்தார். பெண் ஒரு துண்டை எடுத்தாள். பிறகு கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அக்கா திகைத்து நின்றாள். அது 'தெம்பே'. ஜாவா தேசத்துப் பண்டம். வேகவைத்த சோயாவைப் பூஞ்சணத்தால் உறையவைத்து, நம் இட்லி மாவைப் புளிக்க வைப்பது போலப் பக்குவம் செய்து, கட்டியாக எடுப்பது. மலாய்க் கடைகளில் நெடுங்காலமாகச் சாதாரணமாக விற்கிறது. ஆட்டைப் போலவும் இராது, மீனைப் போலவும் இராது. அது தெம்பே, அதைத் தவிர வேறு எதுவாகவும் நடிப்பதில்லை. புளிப்பதனால் அதிலுள்ள இரும்புச் சத்து வெறும் சோயாவில் உள்ளதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும்.

பாட்டிக்கும் அக்காவுக்கும் பொதுவான பாஷை அரை இங்கிலீஷும் கால் மலாயும் மீதி கைச்சாடையுமாக இருந்தது. அதிலேயே பாடம் நடந்தது. மெல்லியதாக நறுக்கு, மஞ்சள் உப்பில் ஊற வை, மொறுமொறுப்பாகப் பொரி. அக்கா தன் பங்குக்கு மிளகும் சோம்பும் அரைத்துச் சேர்த்தாள். டாக்டர் சொன்னபடி மாத்திரை தொடர்ந்தது. முருங்கைக் கீரையும் எலுமிச்சை பிழிந்த சுண்டலும் தட்டுக்கு வந்தன; சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கம் நின்றது. முட்டையும் பாலும் இருந்தபடியால், செடி கொடிகளில் கிடைக்காத பி12 வைட்டமினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னாராம். பொடி தோசைக்கல் ஒன்று அந்தப் பெண்ணுக்கென்று தனியாக வாங்கப்பட்டது. "அதில் மட்டும் மீன் பொரிக்காதே அம்மா" என்றாளாம். அக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லை இன்றுவரை வேறு எதற்கும் எடுக்கவில்லை.

ஊர் திரும்புமுன் கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு தேக்கா சந்தைக்குப் போனேன். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துக்கே 'கண்டாங் கெர்பாவ்' என்று பெயர். எருமைக் கொட்டடி என்று மலாயில் அர்த்தம். நம்மவர்கள் மாடு வளர்த்து, வாங்கி, விற்ற இடம். மாடு போய்விட்டது, எருமைத் தெரு என்ற பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. சந்தைக்குள் கறிவேப்பிலை மணமும் மீன் வாடையும் மல்லிகையும் ஒன்றாகக் கலந்து வருகிறது.

கறிக்கடை பாய் அக்காவைக் கண்டதும் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வாங்க அக்கா. வழக்கம்போல ஒன்றரைக் கிலோதானே?" என்றார்.

"ஒரு கிலோ போதும் பாய்."

"என்னக்கா, வீட்டில் விருந்தாளி இருக்கும்போதா குறைக்கிறது?"

"போதும் பாய். எலும்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க. அவருக்கு எலும்பு இல்லாவிட்டால் ஆகாது" என்றாள் அக்கா. பொட்டலத்தை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, எதிர் வரிசை மலாய் அம்மாளின் கடையில் தெம்பே வாங்கப் போனாள்.